அழாத பிள்ளை

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, விசாரணைக்கு வந்த குழந்தையின் பெயரையும் ஊரையும் பள்ளியையும் வெளியில் சொல்லக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் இங்கே வருகிறவன் வெறும் 'பையன்'தான். மலையின் பெயரைச் சொல்லலாம், அது பெரிது. இன்றைய கணக்கில் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிற ஜவ்வாது மலை. அதன் குக்கிராமங்களில் ஒன்றில் அவன் வீடு.

2019 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். அடிவாரத்து பஸ் ஸ்டாண்ட் ஒன்றில் அப்பா, அம்மா, எட்டு வயதுப் பையன், அம்மாவின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அரை மூட்டை அரிசி. பெங்களூர் போய் அங்கிருந்து குடகுக்குப் பஸ் மாறுவதாகத் திட்டம். ரொபஸ்டா காப்பி பறிக்கிற பருவம் அது. இந்த மலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் வரகும் அறுத்து முடித்த கையோடு குடகுக்கும் கேரளத்துக்கும் இறங்கிப் போவார்கள். வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார்கள். யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்துவிட்டார்கள். பள்ளி நாளில் ஒரு பையன், கூடவே மூட்டை முடிச்சு. எஸ்டேட் வேலைக்குத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்ததில் தப்பில்லை. பையனை இறக்கிக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தினார்கள். மூன்றாம் வகுப்பு, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவன் என்று தெரிந்தது. விசாரணை முடியும்வரை அதே பள்ளி விடுதியில் இருக்கட்டும் என்று குழு இடைக்கால உத்தரவு போட்டது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன்.

அப்பா என்னைத் தேடி வந்ததற்கு ஒரு பழைய தொடர்பு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் தமிழ்நாட்டு மரம்வெட்டித் தொழிலாளர்கள் இருபது பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு, செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்களின் குடும்பங்களுக்காக இந்த மலையில் ஏறி இறங்கிய வக்கீல்களில் நானும் ஒருவன். இவருடைய மைத்துனர் அப்படி ஒரு வழக்கில் மாட்டியவர்.

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "வேலைக்குக் கூட்டிட்டுப் போகல சார். காப்பி பறிக்கிறது எட்டு வயசுப் புள்ளைக்கு ஆகற வேலையா? அவன் ஹாஸ்டல்ல இருக்க மாட்டேன்னு சொன்னாக்கூட திட்டி அனுப்பிடுவேன். எதுவுமே சொல்ல மாட்டேங்கறான். அதான் கொஞ்ச நாள் கூட வெச்சுப் பாக்கலாம்னு."

அம்மா பேசவில்லை. எழுந்து போகும்போது மட்டும், "புள்ள ஏங்கிப் போயிருக்குதுங்க" என்றார்.

சட்டப்படி பார்த்தால் எங்கள் பக்கம் மெலிவு. 2016இல் திருத்திய பிறகு குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கவிடாது. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும் என்கிறது. வருஷத்தின் நடுவில் பிள்ளையை எடுத்துக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போகிற அப்பாவுக்காக எந்தப் பிரிவைக் காட்டுவது? எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிற பிள்ளை உதிர்ந்த காப்பிப் பழத்தைப் பொறுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் என்று என்னால் சத்தியம் செய்யவும் முடியாது. எதிரே இருந்தவர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சட்ட அலுவலர், இளைஞர். எஸ்டேட்டிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் பிள்ளைகளை மீட்டு வந்தவர். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

இப்படிப்பட்ட வழக்கில் வக்கீல் முதலில் தேடுவது ஒரு கொடுமைக்காரனை. விடுதியில் யாராவது அடித்தார்களா, பட்டினி போட்டார்களா, அதைவிட மோசமாக ஏதாவது நடந்ததா? இருந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு இருக்கிறது. குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறவரே கொடுமை செய்தால் ஐந்து வருஷம் வரை தண்டனை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. நான் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். கொடுமைக்காரன் யாரும் அங்கே இல்லை. வகுப்பறைகளே இரவில் படுக்கும் அறைகள். பாய்களைச் சுருட்டி மூலையில் அடுக்கியிருந்தார்கள். டிரங்குப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. சாப்பாடு சூடாக இருந்தது, முட்டையும் இருந்தது. தலைமையாசிரியரே காப்பாளர், பல உறைவிடப் பள்ளிகளில் இதுதான் நிலைமை. பகலெல்லாம் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்திவிட்டு, அரிசிக் கணக்கு எழுதிவிட்டு, இரவில் அறுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தாயும் தகப்பனுமாக இருக்க வேண்டிய மனிதர். "ஒரு புள்ளைக்குக் காய்ச்சல்னா தூக்கிட்டு ஓடுறேன் சார். தூங்காத புள்ளைக்கு நான் எங்க ஓடுறது?" என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வழக்குக்கு அது உதவாது.

இந்தப் பள்ளிகளைப் பற்றிச் சமவெளி வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. பெரும்பகுதி தொடக்க, நடுநிலைப் பள்ளிகள். ஒன்றாம் வகுப்பிலேயே தங்கிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மத்திய அரசின் நவோதயா ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஏகலவ்யா மாதிரிப் பள்ளியும் ஆறாம் வகுப்பு. பெண் பிள்ளைகளுக்கான கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயாவும் ஆறாம் வகுப்பு. நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கிற பள்ளிகள்கூடப் பிள்ளைக்குப் பத்துப் பதினொரு வயதாகும்வரை காத்திருக்கின்றன. மலைப் பிள்ளைக்கு மட்டும் ஐந்தாறு வயதில் டிரங்குப் பெட்டி. இதற்குப் பின்னால் கெட்ட எண்ணம் கிடையாது. பத்துப் பதினைந்து வீடு உள்ள ஊருக்கு ஒரு பள்ளி கட்டி, ஆசிரியரை அங்கே நிறுத்திவைப்பதைவிட, பிள்ளைகளை ஓரிடத்துக்குக் கொண்டு வருவது அரசுக்குச் சுலபம். பெற்றோருக்கும் அது உதவி. ஆறு மாதம் பிழைப்புக்குப் போகிறவர்கள் பிள்ளையை வேறு எங்கே விடுவார்கள்?

சட்டம் அப்படித் தொடங்கவில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் பிடி. கல்வி உரிமைச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, அக்கம்பக்கத்தில் பள்ளி அமைப்பதை அரசின் கடமையாக்குகிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி முடியாத குக்கிராமங்களுக்கு என்ன செய்வது என்று மத்திய மாதிரி விதிகளே சொல்கின்றன: இலவச வாகனம், தங்குமிடம் போன்ற ஏற்பாடுகள். வாகனம் முதலில் வருகிறது, தங்குமிடம் பிறகுதான் வருகிறது. பையனின் வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒத்தையடிப் பாதையில் ஐந்தாறு கிலோமீட்டர். ஜீப் ரோடு சுற்றிக்கொண்டு போகும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வாகனம் சாத்தியமா என்று யாரும் பார்த்ததற்கு ஒரு காகிதம்கூட இல்லை. பாய் போட இடம் இருந்தது, படுக்க வைத்தாயிற்று.

ஆனால் 'பள்ளி தூரம்' என்று வாதிட்டு ஒரு பிள்ளையை வெளியே எடுக்க முடியாது. அவனுக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் பதிவேடுகளைக் கேட்டு வாங்கினேன்.

விடுதிப் பிள்ளையின் வருகைப் பதிவேடு ஒரு விசித்திரமான ஆவணம். பள்ளியிலேயே படுத்து எழுகிறவன் எப்படி ஆப்சென்ட் ஆவான்? முதல் வகுப்பிலிருந்து வருகை முழுசு. சட்ட அலுவலர் அதைத்தான் முதல் ஆதாரமாக வைத்தார். இரண்டாவது, எடைப் பதிவு. வீட்டிலிருந்து வந்தபோது இருந்ததைவிட நன்றாகவே ஏறியிருந்தான். மூன்றாவது, உடல்நலப் பதிவேடு. 2018 ஜூனில் பள்ளி திறந்ததும் பையன் பெயருக்கு எதிரே வயிற்று வலி. அடுத்த வாரம் வயிற்று வலி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள், பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ஜூலையில் தலைவலி, திரும்பவும் வயிற்று வலி. ஆகஸ்டில் ஒரு நாள் காம்பவுண்டைத் தாண்டிப் போய்விட்டான். காட்டுப் பாதையில் ஒரு மாடு மேய்ப்பவர் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் மறுபடி வயிற்று வலி. பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, நவம்பருக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. 'மாணவன் விடுதிச் சூழலுக்குப் பழகிவிட்டான்' என்று பதிவேட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு.

சட்ட அலுவலர் அந்தக் குறிப்பை உரக்கப் படித்தார். அதன் பிறகு இன்னொன்றும் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் மீட்ட மறுநாள் குழுவின் அறைக்கு அம்மா வந்தபோது பையன் ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைத் திரும்பப் பார்த்தானாம். "தாயிடம் ஒட்டுதல் இல்லை. விடுதியில்தான் அவனுக்குப் பாதுகாப்பு உணர்வு இருக்கிறது" என்று அறிக்கையில் எழுதியிருந்தது. அம்மா அறையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குழு கூடிய அறையில் கூண்டு கிடையாது, மேடை கிடையாது. ஒரு நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு பொம்மைப் படம். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் உண்டு. ஆனால் சாட்சியச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிற இடமல்ல அது. நான் கேட்டது ஒன்றே: மனநல மருத்துவர் ஒருவர் பையனைப் பார்க்க வேண்டும், அவரைக் குழு நேரில் கேட்க வேண்டும். தலைவர் ஒப்புக்கொண்டார். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். நேரம் எடுத்துக்கொள்கிறவர் என்று அவர் அறிக்கையைப் பார்த்ததும் தெரிந்தது. பையனோடு பேசியதைவிட விடுதிச் சமையல்கார அம்மாளோடு பேசியது அதிகம். அந்த அம்மாள் சொன்னதுதான் வழக்கைத் திருப்பியது. அக்டோபரிலிருந்து பையன் ராத்திரியில் பாயிலேயே போய்விடுகிறான். மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று விடிவதற்கு முன் எழுந்து பாயை அடுக்களைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு வருவான். அந்த அம்மாள் அலசிக் காயப்போட்டுவிடுவார். "ஐயாகிட்ட சொன்னா எழுதி வெப்பாங்க, புள்ளைக்கு அவமானம்னு சொல்லல" என்றாராம். இரண்டு வயதிலேயே நின்றுபோன பழக்கம் எட்டு வயதில் திரும்பி வருவதை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது. ஒரு சமையல்காரியின் இரக்கம் அதை மறைத்துவைத்திருந்தது.

அக்டோபர் என்றால் வயிற்று வலி குறையத் தொடங்கிய சமயம். மருத்துவர் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். பிறகு ஒரு பழைய சினிமாவைப் பற்றிச் சொன்னார். 1952இல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் எடுத்த படம். ஒரு சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படம் பிடித்திருக்கிறார். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் பெற்றோரை அருகில் விட மாட்டார்கள். வந்து பார்த்தால் பிள்ளை அழும், பார்க்காவிட்டால் அடங்கிவிடும் என்பது நர்ஸுகளின் அனுபவம். அடங்கியது பழகியதால் அல்ல என்பதைத்தான் ராபர்ட்சனும் அவரோடு வேலை செய்த ஜான் பௌல்பியும் காட்டினார்கள். முதலில் அழுது எதிர்க்கும், பிறகு நம்பிக்கை விட்டுச் சோர்ந்து போகும், கடைசியில் அம்மா வந்தாலும் முகம் திருப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த மூன்றாவது கட்டம்தான் பிள்ளை தேறிவிட்டதாகத் தெரியும். 1959இல் பிளாட் குழுவின் அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளின் பார்வையாளர் விதிகளே மெல்ல மாறின.

சட்ட அலுவலர் விடவில்லை. நல்ல கேள்வியாகக் கேட்டார். "இரண்டு வயதுக் குழந்தையை வைத்துச் சொன்னதை எட்டு வயதுப் பையனுக்குப் பொருத்தலாமா?"

"முழுசாப் பொருத்த முடியாது" என்றார் மருத்துவர். "எட்டு வயசுப் பிள்ளைக்கு அம்மா இருக்காங்கன்னு தெரியும், திரும்பி வருவாங்கன்னும் தெரியும். நான் நோய்னு எதுவும் எழுதல. ஆனா அவன் பழகிட்டான்னு நீங்க எழுதினதை ஏத்துக்க மாட்டேன்."

"அதே விடுதியில் இருக்கிற மற்ற அறுபது பேருக்கும் இப்படி ஆகவில்லையே?"

வழக்கின் மிகச் சரியான கேள்வி அதுதான். அவர் அதை என்னை மடக்கக் கேட்டார். பதில் எங்களிடம் இல்லை; பையனிடம்தான் இருந்தது.

பையனைக் குழுத் தலைவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். எங்களை வெளியே நிற்கச் சொன்னார். பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் உள்ள அடிப்படை நெறிகளில் ஒன்று. பேசியதைப் பிறகு உத்தரவில் சுருக்கமாகப் பதிவு செய்திருந்தார். ஹாஸ்டல் பிடிக்குமா? பிடிக்கும். வீடு பிடிக்குமா? பிடிக்கும். எஸ்டேட்டுக்குப் போகணுமா? தெரியாது. பெரியவர்கள் எது கேட்டாலும் அவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுவது விடுதிப் பிள்ளை சீக்கிரம் கற்றுக்கொள்கிற பாடம். ஆனால் உறுப்பினர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, வேறு மாதிரிக் கேட்டிருக்கிறார்: "ராத்திரி விளக்கணைச்ச பிறகு என்ன பண்ணுவே?"

"யாரெல்லாம் முழிச்சிருக்காங்கன்னு பாப்பேன்."

"எதுக்கு?"

"எல்லாரும் தூங்கிட்டா நான் மட்டும்தான இருப்பேன்."

"முன்னாடி பயமில்லையா?"

"முன்னாடி அண்ணன் பக்கத்துல படுத்திருந்துச்சு."

அண்ணன் என்றது பெரியப்பா மகனை. அவனும் அதே பள்ளி. பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவன் நான்காம் வகுப்பு. இரண்டு வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே போர்வை. அண்ணன் ஐந்து முடித்து, 2018 ஜூனில் வேறு பள்ளிக்கு ஆறாம் வகுப்புப் போய்விட்டான். அவர்கள் ஊரிலிருந்து அந்த விடுதியில் வேறு பிள்ளையே கிடையாது. அருகிலுள்ள ஊர்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் திங்கள் காலையில் வருவார்கள். தூரத்து ஊர்க்காரர்களில் மிச்சமிருந்தவர்களுக்கெல்லாம் அக்காவோ தம்பியோ ஊர்க்காரனோ யாராவது உண்டு. சனி, ஞாயிறுகளில் காலியாகும் அறையில் அண்ணன் படுத்திருந்த இடத்தின் பக்கத்தில் இவன் தனியாகப் படுத்திருக்கிறான். மருத்துவர் போட்ட தேதிகளுக்கு மேலே நான் இந்த ஒரு தேதியை எழுதிக்கொண்டேன்: அண்ணன் போன ஜூன், வயிற்று வலி தொடங்கிய அதே ஜூன்.

மற்ற அறுபது பேருக்கு ஏன் ஆகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. விடுதி நல்லதா கெட்டதா என்று நாங்கள் இரண்டு தரப்பும் கட்டு கட்டாக எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளைக்கு இரவில் பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று எந்தத் தரப்பும் கேட்கவில்லை. கேட்கும்படி எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் விடுதிகளின் கண்காணிப்பு முழுக்க அந்தப் பழமொழியின்படிதான் நடக்கிறது: காய்ச்சல் வந்தால் எழுதுவார்கள், ஓடிப்போனால் எழுதுவார்கள், அடி பட்டால் விசாரணை. சத்தம் போடாமல் வாடுகிற பிள்ளை எல்லாப் பதிவேட்டிலும் நல்ல பிள்ளை.

எழுத்துபூர்வ வாதத்தில் நான் மூன்று விஷயங்களை வைத்தேன். ஒன்று, நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிற, அதே 3ஆவது பிரிவில் உள்ள நெறி. இரண்டாவது, தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டது பற்றி 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் 2017 மே மாதம் வந்த தீர்ப்பு. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்று அது வலியுறுத்தியது. உறைவிடப் பள்ளி அநாதை இல்லமல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்று தெரியும், சொன்னார்கள். மூன்றாவது, சீனா. அங்கே 2001க்குப் பிறகு கிராமத்துச் சின்னப் பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளிகளோடு இணைத்தார்கள். வேலைக்காக நகரத்துக்குப் போன பெற்றோரின் பிள்ளைகள் லட்சக்கணக்கில் தொடக்க வகுப்புகளிலேயே விடுதிக்கு வந்தார்கள். பத்து வருஷம் பார்த்துவிட்டு, 2012இல் அந்த நாட்டு அரசவை பள்ளி இணைப்புக்குக் கடிவாளம் போட்டது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை விடுதியில் வைக்காமல் அருகில் படிக்க வைப்பதே பொது விதி என்று அறிவித்தது. நம் பையன் மூன்றாம் வகுப்பு.

"சீனாவின் உத்தரவு இங்கே செல்லாது" என்றார் சட்ட அலுவலர்.

"செல்லாது. படிக்கலாமில்ல?" என்றார் தலைவர்.

பிப்ரவரி கடைசியில் உத்தரவு வந்தது. பையனைப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும்; மேற்பார்வை தொடரும். எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. பெற்றோர் வெளியூர் போகும் மாதங்களில் பாட்டியின் பொறுப்பு. அதே பள்ளியில், தங்காமல் தினமும் போய்வந்து படிக்க வேண்டும். வாகன வசதிக்குக் கல்வி அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். அப்பா எஸ்டேட் முன்பணம் வாங்கிவிட்டிருந்தார். அந்த வாரமே அவரும் அம்மாவும் சின்னவளைத் தூக்கிக்கொண்டு குடகுக்குப் போய்விட்டார்கள். பையன் ஆயாவோடு, அதாவது பாட்டியோடு, இருந்தான்.

ஜீப் உடனே வரவில்லை. உத்தரவில் எழுதாத ஒரு ஏற்பாடு அதுவரை நடந்தது: ஆயா தன் பாயையும் வெற்றிலைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் பக்கத்திலிருந்த சமையல்கார அம்மாளின் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். பையன் பகலில் பள்ளி, ராத்திரியில் திண்ணை. ஆயாவின் பார்வையில் அவனுக்குப் பிடித்திருந்தது பயந்த கோளாறு. வந்த அன்றே மந்திரித்துத் திருநீறு போட்டுவிட்டார். மருத்துவரிடம் தொடர்ந்து காட்டச் சொல்லியிருந்ததால் அங்கேயும் கூட்டிப் போனார். மார்ச் முடிவில் பாய் நனைவது நின்றது. அந்தப் பெருமை யாருக்கு என்பதில் ஆயாவுக்குச் சந்தேகமே இல்லை.

பண உதவி கேட்டும் ஒரு மனு போட்டேன். குடும்பத்திலேயே பிள்ளையை வைத்துக்கொள்ள மாதம் 2,000 ரூபாய் தருகிற திட்டம் அப்போது இருந்தது. 2022இல் மிஷன் வாத்சல்யாவில் அது 4,000 ஆனது. பெற்றோர் இருவரும் உயிரோடு, உழைக்கும் நிலையில் இருக்கிறார்கள் என்று தள்ளுபடி ஆனது. விடுதியில் ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கிற பணம், அதே பிள்ளை ஆயாவோடு படுத்தால் கிடைக்காது.

இதை உயர் நீதிமன்றத்துக்குப் பொதுநல வழக்காகக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. மூன்றாம் வகுப்பு வரை விடுதி கூடாது என்று ஒரு விதி கேட்கலாம். அரசியல் சாசனத்தின் 14ஆவது பிரிவே போதும். நவோதயாப் பிள்ளைக்கு ஒரு வயது, மலைப் பிள்ளைக்கு ஒரு வயதா என்று கேட்கலாம். வரைவுகூட எழுதினேன். அந்த நாட்களில் மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூரில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தபோது, தலையில் புளி மூட்டையோடு போன ஒரு பெண் நின்று கேட்டார்: "ஹாஸ்டல் கேஸு வக்கீல் நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"மூட வெச்சிடாதீங்க சாமி. எங்க ரெண்டு புள்ளைங்களும் அங்கதான் மூணு வேளை சோறு தின்னுது. நாங்க திருப்பூர்ல கெடக்கறோம். வீட்டுல வெச்சிக்க எங்களுக்கு ஆயா கெடையாது."

அவர் பிள்ளைகள் இருவர். ஒருவருக்கொருவர் பக்கத்தில் படுத்துக்கொள்வார்கள். நான் எழுதிய வரைவு வென்றிருந்தால் மூத்தவன் விடுதியில் இருப்பான், சின்னவன் திருப்பூரில் ஏதாவது கட்டடத்தின் கம்பிக் குவியல் பக்கத்தில் இருப்பான். வாகனம் வந்து, பள்ளி அருகில் வந்து, அதற்குப் பிறகு விதி வந்தால் சரி. விதி மட்டும் முன்னால் வந்தால் இந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பொதுநல வழக்கைத் தாக்கல் செய்யவில்லை. அதற்குப் பதிலாகக் குழுவுக்கே ஒரு சின்ன மனு கொடுத்தேன்: ஒரே ஊர்ப் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டும், மூத்த பிள்ளை பள்ளி மாறினால் சின்னதைக் கவனிக்க வேண்டும், தூரத்து ஊர்ப் பெற்றோர் எந்த நாளும் வந்து பார்க்கலாம், இரவு தங்கலாம். செலவில்லாத காரியங்கள். குழு அதை ஆலோசனையாகப் பள்ளிக்கு அனுப்பியது. தலைமையாசிரியர் மறுநாளே பாய்களை இடம் மாற்றிவிட்டதாகப் போன் செய்தார்.

ஜீப் அந்த வருஷம் ஜூனில் வந்தது. வழியிலுள்ள மூன்று ஊர்களின் பிள்ளைகளும் அதில் ஏறினார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளி மூடியபோது அது நின்றது.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அந்த வாரத்தில் அப்பா போன் செய்தார். பையன் ஆறாம் வகுப்பு. அண்ணன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற உறைவிடப் பள்ளியிலேயே தானும் சேர வேண்டும் என்று அவனே கேட்டு, டிரங்குப் பெட்டியோடு போயிருக்கிறான். "அங்க கமிட்டி ஆர்டர் காட்டணுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் போன் செய்த காரணம் அதுவல்ல. சின்னவளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு, அதே பள்ளி. ஆயா இப்போது இல்லை. ஜீப் திரும்ப ஓடுவதாகத் தகவல் இல்லை. போய்க் கேட்டால் பிள்ளைகளின் எண்ணிக்கை போதாது என்கிறார்களாம். விடுதியில் இடம் இருக்கிறது என்றும் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். "ஒரு மனு எழுதிக் குடுங்க சார், ஜூனுக்கு முன்னாடி குடுக்கணும்" என்றார். பழைய உத்தரவின் நகலை இணைத்து, வாகனத்துக்கான விதியைக் காட்டி, மூன்று ஊர்களின் பிள்ளைகள் கணக்கோடு அன்று சாயங்காலமே எழுதிக் குமாஸ்தாவிடம் டைப் செய்யக் கொடுத்தேன்.